குடை பிடித்தவர் எங்கே?

முன்னொரு காலத்தில், கழியாற்றின் தென்கரையில் இருந்த மணற்குடி நாட்டை இடிவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு யோசனை சொல்வான், மாலையில் அதற்கு நேர் எதிராக இன்னொன்று சொல்வான். இரண்டுக்கும் சபை தலையாட்ட வேண்டும். வடகரையில் பனைமேடு நாடு. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஓர் ஆறும், ஆற்றில் ஒரு தீவும்தான். சண்டைக்கு மட்டும் எப்போதும் குறைவில்லை.

வாளும் வேலும் இருந்தவரை அந்தச் சண்டை ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஊழித்தாழி வந்தது. ஆளுயர மண்தாழி, வாயில் அரக்கு முத்திரை. உடைத்தால் புகையாகக் கிளம்பித் தீயாகப் பரவும். காற்று போகிற தூரம்வரை ஒரு புல்லைக்கூட விடாது. மணற்குடி ஒன்று செய்தது. கேள்விப்பட்டுப் பனைமேடும் ஒன்று செய்தது. அன்றோடு இரு ராஜாக்களுக்கும் தூக்கம் போயிற்று.

அந்தச் சமயம் பார்த்துக் கப்பலில் வந்திறங்கினார் ஏழுகடல் பேரரசரின் தூதர். கையில் தங்கக் காம்பு போட்ட வெண்குடை. மணற்குடி இந்தக் குடைநிழலுக்குள் வந்துவிட்டால் போதும், அதன்மேல் தாழி உடைப்பவர்மேல் பேரரசர் நூறு தாழிகளை உடைப்பார் என்றார். பதிலுக்குத் துறைமுகம் பேரரசரின் கப்பல்களுக்கு. தாழியின் முத்திரையும் இனி அவர் சொன்னால்தான் உடைய வேண்டும்.

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். தளபதி வேல்கண்டன் இதைவிடப் பாதுகாப்பு கிடையாது என்று அடித்துச் சொன்னான். அமைச்சர் தழும்பனார் மட்டும் தலையாட்டவில்லை. கொடுத்த துறைமுகம் திரும்பி வராது என்றார்.

"அமைச்சர் நனைந்தே பழகியவர் அரசே. குடை என்றால் அவருக்குக் கூச்சம்," என்றான் தளபதி. அமைச்சர் பதவிமேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

ராஜா சிரித்து முடித்துவிட்டு, "தழும்பனாரே, நாளை மாலைக்குள் அந்தக் குடையில் ஓட்டை இருக்கிறதென்று காட்டும். இல்லையென்றால் உம்முடைய மோதிரத்தைத் தளபதியிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு நாட்டை விட்டுப் போய்விடும்," என்றான்.

தழும்பனார் ஆற்றங்கரைக்கு நடந்தார். மோதிரம் போனால் போகட்டும். ஒருவேளை தளபதி சொல்வதே சரியாக இருந்து, தன் பிடிவாதத்தால் இந்த ஊர் சாம்பலாகிவிட்டால்? அந்த எண்ணம்தான் அவரைக் குடைந்தது. கரையில் நின்று வெகுநேரம் யோசித்தவர், ஒரு படகை அழைத்துத் தீவுக்குப் போனார். படகுத்துறைத் தகராறுகளில் பலமுறை சந்தித்துப் பழகிய பனைமேட்டு அமைச்சர் நப்பூதனாரை வரச்சொல்லி ஆளனுப்பினார். இருவரும் பேசியது படகுக்காரனுக்குக் கேட்கவில்லை. சிரித்தது மட்டும் கேட்டது.

மறுநாள் சபையில் தழும்பனார் தூதரிடம் குழைந்து பேசினார். குடையை ஏற்கலாம், ஆனால் முறையாக ஏற்க வேண்டும் என்றார். "எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்குக் குடை பிடிப்பவர் பெண்ணின் சகோதரர். குடையைக் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் உட்கார மாட்டார்; கூடவே நடப்பார். பேரரசர் சார்பில் தாங்கள் பிடியுங்கள். எல்லைவரை ஒரு நடை போய்வரலாம்."

தூதர் இதில் என்ன இருக்கிறது என்று காம்பைப் பற்றிக்கொண்டார்.

ஊர்வலம் கழியாற்றின் கரைக்கு வந்து நின்றது. தை மாதம், வாடைக்காற்று எதிரே வீசியது. தூதர் அக்கரையைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், மெல்ல ஓர் அடி பின்வாங்கினார். ராஜாவின் மூக்கில் வெயில் விழுந்தது.

அப்போது நடுத்தீவிலிருந்து திரள்திரளாகப் புகை எழுந்து தென்கரைப் பக்கம் சாய்ந்தது.

"அது என்ன புகை, அமைச்சரே?" தூதர் இன்னும் ஓர் அடி பின்வாங்கிக் கேட்டார்.

"தெரியவில்லையே. தாழி உடைந்தால் முதலில் புகைதான் வருமாம்," என்றார் தழும்பனார். "குடையைச் சற்று முன்னால் பிடியுங்கள்."

குடை ஆற்றில் விழுந்தது. தூதர் கப்பல் இருந்த திசையில் பறந்தார். அவருக்கு முன்னால் ஓடியது தளபதி வேல்கண்டன்.

ராஜா நின்ற இடத்திலேயே நின்றான். கண்ணை மூடினான். மூச்சை இழுத்தான். இன்னொரு முறை இழுத்தான்.

"தழும்பனாரே, ஊழிக்குப் பனங்கிழங்கு வாசனை உண்டா?"

"தீவில் சுடுகிறார்கள் அரசே. இரண்டு கரைக்கும் சேர்த்துத்தான் சுடச் சொன்னோம்."

அமைச்சர் அக்கரையைக் காட்டினார். அங்கே பனைமேட்டு ராஜா வெறுந்தலையோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குக் குடை பிடித்திருந்த பேரரசரின் இன்னொரு தூதர் மேட்டில் ஏறி ஓடிக்கொண்டிருந்தார். ஆற்றில் இரண்டு வெண்குடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. இரண்டிலும் ஒரே தங்கக் காம்பு.

"நமக்குச் சொன்ன அதே வார்த்தையைத்தான் அங்கேயும் சொல்லியிருக்கிறார்கள்," என்றார் தழும்பனார். "இரண்டு நாடும் அடித்துக்கொண்டால், அந்த நூறு தாழியும் யார் தலையில் விழும் என்று நப்பூதனாரும் நானும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சிரிப்புதான் வந்தது."

முதலில் சிரித்தது அக்கரை ராஜாதான். இவனும் தாங்கமாட்டாமல் சிரித்தான். அன்று மாலை இருவரும் தீவில் உட்கார்ந்து கிழங்கின் நாரை உரித்தபடி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எந்தக் கரையில் எந்தப் புகை எழுந்தாலும், மறுகரையிலிருந்து ஒருவர் படகில் வந்து என்ன சுடுகிறீர்கள் என்று கேட்டுப் போக வேண்டும். பதில் வரும்வரை முத்திரைமேல் யாரும் கை வைக்கக்கூடாது.

துறைமுகம் மணற்குடிக்கே நின்றது. மோதிரமும் தழும்பனார் விரலிலேயே நின்றது. ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டான். படகில் போய்க் கேட்கிற வேலைக்கு யாரை வைப்பது என்று யோசிக்கவே இல்லை. ஓட்டத்தில் தூதரையே முந்தியவன் தளபதிதான் என்றான்.

திரும்பும் வழியில் தழும்பனார் சிரிக்கவில்லை. நப்பூதனார் நேற்று வராமல் போயிருந்தால் அதே புகையைக் கண்டு அக்கரையில் தாழியை உடைத்திருப்பார்களோ என்று ஒருகணம் நினைத்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார். அக்கரையில் யாரோ வைக்கோல் கொளுத்தியிருந்தார்கள். வேல்கண்டன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துடுப்பைப் போட்டுப் போய்க்கொண்டிருந்தான்.

தாழிகள் இரண்டும் இன்னும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவாம். அந்தப் படகும் இன்னும் போய்வருகிறதாம்.