கரியை மண் தின்னாத கதை

மண்ணுக்குள் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்கூட வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு கரிசல் நிலத்தில் நொதியன் என்ற அண்ணனும் ஈரி என்ற தங்கையும் இருந்தார்கள். நொதியன் மட்கிய இலையைத் தின்பான். ஒவ்வொரு வாய்க்கும் அவன் வயிற்றில் ஒரு மின்னல் துணுக்கு மிஞ்சும். அதை யாருக்காவது கொடுத்தால்தான் அடுத்த வாய் இறங்கும். ஈரிக்கோ அந்தத் துணுக்குதான் சோறு. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, இவன் கொடுக்க அவள் வாங்க, இருவர் பாடும் ஓடியது.

ஒரு கோடையில் நிலம் வெடித்தது. அண்ணன் இந்தக் கரை, தங்கை அந்தக் கரை.

நொதியனுக்கு வயிறு உப்பிவிட்டது. எதிரே இலை குவிந்து கிடந்தும் ஒரு வாய் இறங்கவில்லை. அக்கரைக் குரல் நாளுக்கு நாள் மெலிந்தது.

"அண்ணே, இருக்கியா?"

"இருக்கேம்மா."

"இன்னிக்காவது ஏதாவது..."

அவன் வெடிப்பின் விளிம்புவரை ஊர்ந்து பார்த்தான்; அக்கரை எட்டவில்லை.

அப்போதுதான், மேலே விறகைச் சுட்டுக் கரியாக்கிய கரிமூட்டத்தைப் பிரித்தவர்கள் உதிரிக் கரியை வெடிப்புக்குள் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒரு துண்டு இரு கரைக்கும் நடுவே சிக்கி நின்றது. பூவானாலும் பிணமானாலும், விழுந்ததைக் கூடித் தின்பது மண்ணுக்குள் வழக்கம்.

"பட்டினி கிடக்குறவன் நீ. முதல் வாய் நீயே வைப்பா," என்று அண்டை அயலார் நொதியனைத் தள்ளிவிட்டார்கள்.

"வைங்க," என்றது கரி. "நெருப்பு தின்ன மிச்சம் நான். என்ன ருசி இருக்கப் போகுது?"

நொதியன் வாயை வைத்தான். கடிப்பதற்குள் வயிற்றிலிருந்த துணுக்கு நழுவிக் கரிக்குள் ஓடியது. பின்னாலேயே இன்னொன்று.

"அண்ணே! வந்துருச்சு!" அக்கரையில் ஈரி கத்தினாள். "இன்னும் குடு, இன்னும் குடு!"

அயலார் நெருங்கினார்கள். "ஓரம் போப்பா. வழக்கம்னா வழக்கம்தான்."

நொதியன் கரியைக் கட்டிக்கொண்டான். "இதைத் தின்னா என் தங்கச்சியைத் தின்ன மாதிரி. முதல்ல என்னைத் தின்னுங்க."

ஒருத்தன் சும்மா கரியைத் தொட்டுப் பார்த்தான். "அட, என் துணுக்கும் இதுல இறங்கி வயிறு லேசாகுதே!" பிறகு எல்லோரும் தொட்டார்கள். யாரும் கடிக்கவில்லை.

"உனக்கு நாங்க என்ன செய்யணும்?" என்று கரியிடம் கேட்டான் நொதியன்.

"நெருப்பு ஒருதரம் என்னைத் தின்னுடுச்சு," என்றது கரி. "இன்னொருதரம் வேண்டாம். அது போதும்."

விழுந்ததையெல்லாம் தின்று செரிக்கிற மண், எத்தனை தலைமுறை போனாலும் கரியை மட்டும் வாயில் வைக்காமல் மடியில் வைத்திருப்பது அன்று முதல்தான்.