நாலு மணித் தபால் கப்பல்

கிட்ட வாங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. நான் கத்திச் சொல்கிற ஆள் இல்லை, இது கத்திச் சொல்கிற கதையும் இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நீராவிக் கப்பல் போய்வந்த காலம். கடல் தாண்டிப் போகிற தபாலை யார் கப்பல் சுமப்பது என்று மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கார் டெண்டர் விடும். டெண்டர் கிடைத்த கப்பலின் கொடிமரத்தில் தபால் கொடி பறக்கும். கொடி என்னவோ ஒரு முழத் துணிதான். அந்த ஒரு முழத் துணியால் வேதாசலம் பிள்ளைக்கு மூன்று வருஷமாகச் சோறு இறங்கவில்லை.

பிள்ளைக்குச் சொந்தமாக 'கோமளவல்லி' என்று ஒரு பெரிய கப்பல் இருந்தது. கொடி பறந்ததோ 'அன்னபூரணி'யில். சின்னக் கப்பல், பழசு, புகைபோக்கியில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கும். அது பிள்ளையின் பங்காளி நமசிவாயத்தின் கப்பல். வேறு எவனுடையதாவது இருந்திருந்தால் பிள்ளை இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் கோணி ஊசியும் அரக்குமாக ஒருவர் உட்கார்ந்து தபால் பை தைத்துக்கொண்டிருப்பார். பைச்சாமி என்பார்கள். பிள்ளையைவிடப் பத்து வயது இளையவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வாயில் பொய் வராது என்று மூட்டை தூக்குகிறவன் முதல் தபால் துரை வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை அவரைத்தான் குருவாக வைத்திருந்தார். வயிறு எரியும்போதெல்லாம் அங்கே வந்து உட்காருவார்.

புது டெண்டருக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்கு மூன்று நாள் முன்பு பிள்ளை வந்தார்.

"சாமி, கப்பல் நேரத்துக்குப் புறப்படும்னு ஒரு சாட்சி வேணுமாம். கப்பல்காரனா இருக்கக் கூடாதாம். நீங்க ஒரு கைநாட்டு வச்சாப் போதும்."

"நமசிவாயமும் இதைத்தான் கேட்டான்."

பிள்ளையின் முகம் கறுத்தது. "இங்கேயும் வந்துட்டானா? வச்சீங்களா?"

"இல்லை."

பிள்ளைக்கு மூச்சு வந்தது. ஆனால் வயிறு ஆறவில்லை.

"சாமி, மனசை விட்டுக் கேக்கறேன். என்கிட்ட இல்லாதது அவன்கிட்ட என்ன இருக்கு? அந்த ஓட்டைக் கப்பல் வந்து நங்கூரம் போட்டா ஊரே கரைக்கு ஓடுது. பொம்பளைங்க உலையை இறக்கி வச்சுட்டு ஓடறாங்க, எனக்குக் கடுதாசி வந்திருக்கா, எனக்கு வந்திருக்கான்னு. என் கப்பல் வந்தா யாரு வரா? மூட்டை தூக்கறவன் வரான். அவனும் கொட்டாவி விட்டுக்கிட்டே வரான்."

சாமி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "கக்கத்துல என்ன அது?"

"நோட்டு."

"என்ன நோட்டு?"

"அன்னபூரணி புறப்படற நேரம். ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்கேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு வியாழன், சாயங்காலம் நாலு மணி, அதுதான் கெடு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பிந்தட்டும். மனுப் போட்டுக் கொடியை இறக்கிடுவேன்."

"பிந்தினானா?"

"இன்னும் இல்லை," என்றார் பிள்ளை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போன தை மாசம் அவனே பினாங்குக்குப் போகப் பெட்டியும் கையுமா ஓடி வந்தான். அஞ்சு நிமிஷம் லேட்டு. கப்பல் அவனை விட்டுட்டே போயிடுச்சு! சொந்தக் கப்பல், சாமி. கரையில நின்னு இளிக்கிறான். எனக்கு இப்படி நடக்குமா? நான் கரையிலேர்ந்து இந்தச் சிவப்புத் துண்டை வீசினாத்தான் கப்பலை ஓட்டற என் சாரங்கு நங்கூரத்தைத் தூக்குவான். அதுக்குப் பேரு மரியாதை."

சாமி தைத்து முடித்த பை ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அரக்கு இன்னும் சூடாக இருந்தது.

"வர்ற வியாழக்கிழமை நாலு மணிக்கு இதை உம்ம கப்பல்ல பினாங்குக்கு அனுப்பும். அப்புறம் கைநாட்டு வைக்கறேன்."

"இவ்வளவுதானா? உள்ளே என்ன சாமி?"

"தபால் சுமக்கறவன் அதைக் கேக்கக் கூடாது."

வியாழக்கிழமை மத்தியானமே பையைக் கப்பலில் ஏற்றியாயிற்று. மூன்று மணிக்கெல்லாம் பிள்ளை கரைக்கு வந்துவிட்டார். கோமளவல்லி ஒரு பக்கம், அன்னபூரணி ஒரு பக்கம், இரண்டும் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. பிள்ளையின் வலது கையில் தூரக்கண்ணாடி. இடது கையில் கடிகாரம். கக்கத்தில் நோட்டு. தோளில் சிவப்புத் துண்டு.

நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. அன்னபூரணியின் நங்கூரம் இன்னும் மேலே வரவில்லை. சங்கிலியைச் சுற்றி நாலு பேர் குனிந்து நின்றார்கள்.

"மாட்டிக்கிட்டான்," என்றார் பிள்ளை. "இன்னிக்கு மாட்டிக்கிட்டான்."

துறைமுக மணி நாலு அடித்தது. அதே வேளையில் அன்னபூரணியின் சங்கு ஊதியது. நங்கூரம் சொட்டச் சொட்ட மேலே வந்தது. கப்பல் நகர்ந்தது.

பிள்ளை கண்ணாடியை இறக்கவில்லை. நிற்கும் என்று பார்த்தார். திரும்பும் என்று பார்த்தார். புகை என்ன இவ்வளவு கறுப்பாகப் போகிறது, பாய்லரில் ஏதோ கோளாறுதான் என்று பார்த்தார். கப்பல் சிறுத்துப் புள்ளியாகி, புகை மட்டும் மிஞ்சி, புகையும் போயிற்று. அப்புறம்தான் நோட்டைப் பிரித்து, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினார்: அன்னபூரணி, நாலு மணி.

பக்கத்தில் படகைக் கட்டிக்கொண்டிருந்தவன் கேட்டான்: "ஏன் மொதலாளி, உங்க சாரங்கு அரை மணியா சங்கு ஊதறானே, காதுல விழலியா?"

பிள்ளை திரும்பினார். கோமளவல்லி நின்ற இடத்திலேயே நின்றது. தளத்தில் சாரங்கு கரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் மூன்று மணிக்குப் பிள்ளை கொட்டகைக்கு வந்தார். டெண்டர் காகிதம் மடியில் இருந்தது.

"பை போச்சா?"

"போச்சு சாமி."

"எப்போ?"

"நாலு மணி வாக்குல."

"வாக்குலன்னா?"

"நாலு முப்பத்திரண்டு." பிள்ளை அவசரமாகச் சொன்னார்: "அரை மணிதானே சாமி! பினாங்குக்கு ஆறு நாள் பயணம். என் கப்பல் வேகத்துக்கு அவனுக்கு முன்னாடி போய் நிக்கும்."

"நோட்டைக் கொடும்."

சாமி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார், படிக்கத் தெரிந்தவர் மாதிரி. "மொத்தம் எத்தனை தடவை?"

"எழுபத்தெட்டு."

"பிந்தினது?"

பிள்ளை கொட்டகை வாசலைப் பார்த்தார்.

"பிள்ளைவாள்."

"ஒண்ணும் இல்லை."

"உம்ம கப்பல் எந்தப் பக்கத்துல இருக்கு?"

"என் கப்பலை நான் எதுக்குச் சாமி எழுதணும்?"

"எழுதும். புதுத் தாள்ல எழுதும்."

பிள்ளை எழுதினார்: கோமளவல்லி, நாலு முப்பத்திரண்டு. சாமி கட்டைவிரலை மையில் தோய்த்து அந்த வரிக்குக் கீழே அழுத்தினார்.

"சாட்சி கேட்டீரே."

பிறகு கத்தியை எடுத்து நோட்டின் தையலை அறுத்தார். நோட்டு இரண்டாயிற்று. ஒரு வரியும் வெற்றுத் தாள்களுமாக இருந்த மெல்லிய பாதியைப் பிள்ளையிடம் கொடுத்தார். கனத்த பாதியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நமசிவாயத்துக்கு ஏன் கைநாட்டு வைக்கலை தெரியுமா? எனக்குப் படிப்பில்லை. மூணு வருஷம் அவன் நேரத்துக்குப் போனான்னு எதை வச்சுச் சொல்றது? உன் கப்பலைக் கண் கொட்டாம பார்த்து யாராவது எழுதி வச்சிருந்தா கொண்டான்னேன். அப்படி யாரு சாமி என் கப்பலைப் பார்க்கப் போறான்னு சிரிச்சுட்டுப் போனான்."

பிள்ளை சாமியின் மடியில் இருந்த கனத்த பாதியைப் பார்த்தார். "அந்தப் பாதியில உங்க கைநாட்டு இல்லையே, சாமி," என்றார்.

"இதுக்கு எதுக்கு? பங்காளி எழுதினது."

சாமி அதை ஒரு பைக்குள் போட்டார். வாயைத் தைத்தார். அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார். வெளியே துறைமுக மணி நாலு அடித்தது.

பையைத் தூக்கிப் பிள்ளையின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"தபால் துரை கச்சேரி ஒரு மைல். அஞ்சு மணிக்கு டெண்டர் பெட்டியை மூடிடுவாங்க. நமசிவாயம் வாசல்ல நிப்பான். இதையாவது நேரத்துக்கு அவன்கிட்ட கொண்டுபோய்ச் சேர்த்துடும்."

பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றார்.

பைச்சாமி எட்டி, அவர் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உருவி, ஒரே ஒரு தடவை வீசினார்.