உறை பிரிக்காத சக்கர நாற்காலி

ஓர் ஊரில் ஒரு சேவைச் சங்கம் இருந்தது. அதன் கூட்ட அறையை ஒட்டிச் சாமான்கள் போட்டு வைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. ஒரு ஆடி மாதத்தில் அந்த அறைக்குப் புத்தம் புதிய சக்கர நாற்காலி ஒன்று வந்து சேர்ந்தது.

வந்த அன்று அதற்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. தேர்த் திருவிழாவில் சங்கத்தார் வீட்டுப் பெண்கள் மூன்று நாள் அடுப்பில் வெந்து, பஜ்ஜி போட்டு விற்று வாங்கிய நாற்காலி அது. எண்ணெய் தெறித்துக் கொப்புளித்த கைகளால் அவர்கள் அதைத் தடவிப் பார்த்தார்கள். யாரோ ஒரு மனுஷருக்காகத்தானே இத்தனை பாடு என்று நாற்காலிக்குப் பூரிப்பாக இருந்தது.

அறையில் ஏற்கெனவே மூன்று பேர் குடியிருந்தார்கள். கூட்டத்தைத் தொடங்கவும் முடிக்கவும் அடிக்கிற பித்தளை மணி பழைய ஆள். வாயைத் திறந்தால் ஒரே ஒரு தடவைதான் பேசும். பொன்னாடைக்கு ஊர்ப் பெரிய மனிதர்களின் தோளெல்லாம் அத்துப்படி. போர்த்திய பத்தாம் நிமிடம் மடித்துக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிடுவார்கள் என்பதை மட்டும் அது வெளியே சொல்லாது. மூன்றாவது, சுருட்டிச் சாத்தி வைத்த விழா பேனர். அதற்குத் தன் முகத்தைப் பற்றியே நினைப்பு.

"இந்தப் பாலித்தீன் உறையை எப்போது பிரிப்பார்கள்? புழுக்கமாக இருக்கிறது" என்று கேட்டது நாற்காலி.

"அவசரப்படாதே. நீ புதுசு என்பதற்கு அதுதானே அத்தாட்சி" என்றது பேனர்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை, மாலைக் கூட்டத்துக்கு நாற்காலியின் ஆள் தேடிக்கொண்டு வந்தார். கொம்பையா என்று பெயர், கொத்தனார். அறுபதை ஒட்டிய வயது. கூட்டம் முடியும்வரை வாசலில் நின்றவர், செயலாளர் அருளானந்தத்தைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அருளானந்தம் மருந்துக்கடை வைத்திருப்பவர், இளகிய மனசுக்காரர்.

"ஐயா, எம் பொஞ்சாதி பேச்சித்தாயி. சித்தாளு வேலைக்குப் போன எடத்துல சாரம் சரிஞ்சு விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. எட்டு மாசமாப் படுக்கைதான். எங்க வளவுல கக்கூசு கெடையாதுய்யா, தெருக்கோடிக்குத்தான் போவணும். நான்தான் தூக்கிட்டுப் போறேன்."

"பகல்ல நீங்க வேலைக்குப் போயிட்டா?"

கொம்பையா தலையைக் குனிந்துகொண்டார். "அதுக்குத்தான்யா அவ தண்ணியே குடிக்க மாட்டேங்கா. குடிச்சாப் போவணும்லா? விடியக்காலம் நான் தூக்கிட்டுப் போனா, பொறவு பொழுதடஞ்சுதான். மூத்திரப்பை கெட்டுப்போவுது, தண்ணி குடிக்கணும்னு டாக்டரு ஏசுதாரு. வண்டி ஒண்ணு இருந்தா அடுத்த வீட்டுப் புள்ள தள்ளிட்டுப் போவும்."

பக்கத்து அறையில் இதைக் கேட்ட நாற்காலிக்கு உடம்பெல்லாம் பதறியது. "என் ஆள் கிடைத்துவிட்டார்! நாளைக்கே கிளம்பிவிடுவேன்" என்றது.

பொன்னாடை பரிதாபமாகச் சிரித்தது. "நாளைக்கா? உனக்கு இந்த வீட்டு வழக்கம் தெரியாது. இங்கே யாருக்கு எது கொடுத்தாலும் மாவட்டத் தலைவர் கையால்தான் கொடுப்பார்கள். அவர் வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அந்த மேடையில் கொடுத்தால்தான் அது கணக்கில் சேரும், அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் சிறந்த சங்கம் என்று கேடயம் தருவார்கள்."

"எப்போது வருவார்?"

"ஆவணியில். என் முகத்திலேயே போட்டிருக்கிறது பார்" என்றது பேனர்.

ஆவணி வந்தது. மாவட்டத் தலைவர் வெளிநாட்டில் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டார். பேனரில் இருந்த தேதியின் மேல் ஒரு தாளை வெட்டி ஒட்டினார்கள். ஐப்பசி வந்தது. அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம். இன்னொரு தாள் ஒட்டினார்கள். பேனருக்கு முகத்தில் கட்டி புறப்பட்டது போல ஆகிவிட்டது.

ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் கொம்பையா வந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் முதுகு கொஞ்சம் கூடுதலாக வளைந்திருந்ததை நாற்காலி கதவிடுக்கு வழியாகப் பார்த்தது. அந்த முதுகில் ஏறிப் போகிற பாரம் தான் சுமக்க வேண்டியது என்று அதற்குத் தெரியும். தெரிந்தும் சும்மா நிற்பதுதான் அதைத் தின்றது.

ஐப்பசிக் கூட்டத்தில் அருளானந்தம் எழுந்து நின்றார். "தலைவரே, ஒரு யோசனை. நாற்காலிய இப்பக் குடுத்துருவோம். விழா அன்னைக்கு ஒரு நாள் வாங்கித் தொடச்சு, மேடையில வச்சுக் குடுத்துக்கலாம்."

சங்கத் தலைவர் தில்லைநாயகம் ஜவுளிக்கடைக்காரர். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. திருவிழாவில் மூன்று நாளும் வெயிலில் நின்று பஜ்ஜிக்குக் கூவிக் கூவி ஆள் பிடித்தவர் அவர்தான். ஆனால் சரக்கு கசங்கினால் விலை போகாது என்பது அவர் ரத்தத்தில் ஊறிய எண்ணம்.

"உறையப் பிரிச்சா ஒரு வாரத்துல அழுக்காயிரும் அருளு. போட்டோல பழசு குடுத்த மாதிரி விழுந்தா, மேலிடத்துல நம்ம சங்கத்தப் பத்தி என்ன நினைப்பாங்க? போன வருஷமே அரை மார்க்குல கேடயம் போச்சு. இத்தன நாள் பொறுத்தாச்சு, கார்த்திகையில வாராரு. விடுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். அருளானந்தமும் உட்கார்ந்துவிட்டார். அவர் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

"மணி அண்ணே, நீங்களாவது கூட்டத்தை முடிக்காமல் இருங்கள். பேச்சு இன்னும் கொஞ்சம் நடக்கட்டும்" என்று கெஞ்சியது நாற்காலி.

"என்னை அடித்தால் நான் ஒலிப்பேன். அதற்குமேல் எனக்கு அதிகாரம் இல்லை, தம்பி" என்றது மணி. அடித்தார்கள், ஒலித்தது. கூட்டம் கலைந்தது.

நாற்காலிக்குப் பொறுக்கவில்லை. வாசலில் கொம்பையாவின் குரல் கேட்டதும், உள்ள பலத்தையெல்லாம் திரட்டித் தன் பிரேக்கைத் தானே விடுவித்துக்கொண்டது. மெல்ல உருண்டு, கதவை முட்டித் திறந்துகொண்டு, கூட்ட அறையைத் தாண்டி நேராகக் கொம்பையாவின் முழங்காலில் போய் இடித்து நின்றது. அவர் திடுக்கிட்டார். பிறகு அதன் கைப்பிடியை உறைக்கு மேலாகவே தொட்டார். அந்தக் கையின் காய்ப்பு நாற்காலிக்குத் தெரிந்தது.

'தள்ளிக்கொண்டு ஓடிவிடுங்கள்' என்று அது கத்தியது. மனிதர் காதில் அது விழவில்லை.

"பிரேக்கு சரியில்ல போலிருக்கே, நல்லவேளை இப்பவே தெரிஞ்சுது" என்றார் தில்லைநாயகம். நாற்காலியைத் திரும்பத் தள்ளிக்கொண்டுபோய், ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டிவிட்டார். கொம்பையாவைப் பார்த்து, "கவலப்படாதீங்க, அழைப்பிதழ்ல உங்க வீட்டம்மா பேரையே போட்டாச்சு. அது அவங்களுக்குத்தான். வேற யாருக்கும் போவாது" என்றார். மெய்யாகவே ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

கார்த்திகையில் மழை. விழா தைக்குத் தள்ளிப் போயிற்று. அந்த மாதக் கூட்டத்துக்குக் கொம்பையா வரவில்லை.

மார்கழிக் கூட்டத்தில் அருளானந்தம் எழுந்தார். பேச்சித்தாய் இறந்துபோய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது, மூத்திரப்பையில் கண்ட கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம் என்றார். எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார்கள். நிஜமாகவே வருத்தப்பட்டார்கள். அந்த நிமிடம் முடிந்ததும் மணியை அடித்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக ஒலிக்கக் கூசிய மணி, பானை ஓட்டைத் தட்டியது போல ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

"இப்ப நாற்காலி யாருக்கு?" என்று கேட்டார் ஒரு உறுப்பினர்.

"அழைப்பிதழ் அச்சாயி மேலிடத்துக்கும் போயாச்சு. பேர மாத்த முடியாது. கொம்பையாவையே வரச் சொல்லுங்க" என்றார் தில்லைநாயகம்.

பொன்னாடை நாற்காலியிடம் ஏதோ சமாதானம் சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டது.

தை மாத விழாவில் பந்தல் நிறையக் கூட்டம். பேனர் ஒட்டுத்தாள்களோடு மேடையில் தொங்கியது. பொன்னாடை மாவட்டத் தலைவரின் தோளில் ஏறியது. "பயனாளி பேச்சித்தாய்" என்று ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். கொம்பையா மேடை ஏறினார்.

மாவட்டத் தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா நடக்கிறாரே?"

தில்லைநாயகம் அவர் காதில் ஏதோ சொன்னார். மாவட்டத் தலைவரின் முகம் ஒரு கணம் வாடியது. ஆனால் புகைப்படக்காரர் காத்திருந்தார்.

"பெரியவரே, கொஞ்சம் அதுல உக்காருங்க. ஆளு இல்லாம நாற்காலி மட்டும் விழுந்தா நல்லா இருக்காது. படத்துக்குத்தான்" என்றார் புகைப்படக்காரர்.

கொம்பையா சுற்றிலும் பார்த்தார். உறை சரசரக்க உட்கார்ந்தார். முழுக்க உட்காரவில்லை, கட்டிலில் ஒருத்தி படுத்திருக்கும்போது அவள்மேல் படாமல் ஓரத்தில் உட்காருகிற மாதிரி, பாதி இடத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்தார். நாற்காலிக்கு அந்தக் காலியான பாதிதான் கனத்தது.

கைதட்டல் அடங்கியது. அந்த வருஷம் கேடயமும் அந்தச் சங்கத்துக்கே கிடைத்தது.

பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டதால், கொம்பையா நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். ஒற்றை அறை வீடு. காலிக் கட்டிலை ஒட்டி அதை நிறுத்தினார். ஆறு மாதமாக யாரும் பிரிக்காத உறையை அவர்தான் பிரித்தார். கிழிக்கவில்லை, பொறுமையாக அவிழ்த்து மடித்து வைத்தார்.

பிறகு குடத்திலிருந்து ஒரு செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து, நாற்காலியின் நடுவில், சிந்தாமல் வைத்தார்.

"இனிமே பயப்படாமக் குடி, தாயி" என்றார்.