சுழலுக்குக் கொடுத்த வாக்கு

அந்தக் காலத்தில் ஆறும் பேசும், ஆற்றுக்குள் கிடக்கும் சுழலும் பேசும். நின்று கேட்க மனிதர்களுக்கும் நேரம் இருந்தது. இப்போது யாருக்கு இருக்கிறது?

டான்யூப் ஆற்றங்கரையில் வால்புர்கா என்றொருத்தி. அவள் புருஷன் கோர்பினியன் உப்புப் படகு ஓட்டினான். ஊருக்குக் கீழே ஆறு வளைகிற இடத்தில் ஒரு சுழல். ஜெர்மன்காரர்கள் சுழலை ‘ஸ்ட்ரூடல்’ என்பார்கள். அதற்கும் அதுவே பேர். எத்தனையோ படகுகளை விழுங்கியதால் ஊரே அதைக் கரித்துக்கொட்டும்.

அந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு பழக்கம். பலகாரம் சுட மாவை மேசைத்துணிமேல் மெல்லிசாக இழுத்து இழுத்து விரிப்பார்கள். அடியில் கடிதம் வைத்தால் எழுத்து தெரியவேண்டும். தெரியாவிட்டால் மாமியார் வாயில் விழவேண்டியதுதான். அன்று வால்புர்கா வைத்தது புருஷனின் கடிதம். சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்று எழுதியிருந்தான். அன்றுதான் சனிக்கிழமை, ஆற்றிலோ வெள்ளம் கரைபுரண்டது. ஆப்பிளைத் தூவி மாவைச் சுருட்டிச் சுட்டு, ஆறுவதற்குள் எடுத்துக்கொண்டு சுழல் இருக்கும் கரைக்கு ஓடினாள்.

புருஷனை விட்டுவிடச் சொல்லிச் சுழலிடம் அழுதாள். சுருளை இரண்டாக வெட்டிக் காட்டினாள். உள்ளே அச்சு அசல் சுழலின் உருவம். அதுவரை சீறிக்கொண்டிருந்த சுழலின் குரல் இறங்கிவிட்டது.

“எல்லாரும் என் பேரைச் சொல்லித் திட்டுகிறார்கள். ஒருத்தராவது ஆசையாய்ச் சொல்லக்கூடாதா?”

“இனி இந்தப் பலகாரத்துக்கு உன் பேர்தான். எந்தச் சீமைக்குப் போனாலும் மாற்றமாட்டேன்,” என்றாள்.

சுழல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. படகு கரை சேர்ந்தது.

பிறகு பஞ்சம் வந்து, இருவரும் கப்பலேறி, ஆங்கிலம் பேசும் ஊரொன்றில் பலகாரக்கடை வைத்தார்கள். அங்கேயும் ஆறு இருந்தது, ஆனால் வாயே திறக்காது. அந்தப் பாழாய்ப்போன சுழலைக்கூட நினைத்து நினைத்து ஏங்கினாள் வால்புர்கா. கடைக்கோ ஈ, காக்கைகூட வரவில்லை. பலகையில் ஸ்ட்ரூடல் என்றிருப்பதை அழித்து ஆப்பிள் சுருள் என்று எழுதிப்போட்டால் கூட்டம் வரும் என்றார் பக்கத்துக் கடைக்காரர். வாயில் நுழையாத பேரைக் கட்டிக்கொண்டு பட்டினி கிடப்பதா என்று கோர்பினியனும் கேட்டான். இத்தனை வருஷம் மறைத்ததை அன்றுதான் அவனிடம் சொன்னாள்.

“உன்னை எனக்குத் திருப்பிக் கொடுத்த பேர் அது. அதை அழித்துவிட்டு உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?”

கோர்பினியன் கடைப் பலகையை இறக்கினான். தூரிகையை எடுத்துப் பழைய பேரையே இன்னும் பெரிதாக எழுதினான். மறுநாள் ஒரு தையற்காரி அதைப் பார்த்து உள்ளே வந்தாள். இரண்டு தடவை நாக்கு புரளாமல் தவித்து, மூன்றாம் தடவை சரியாகச் சொன்னாள். தின்றுவிட்டுச் சப்புக்கொட்டி, அதே பேரைச் சொல்லி இன்னொன்று கேட்டாள். வால்புர்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று முதல்தான் ஆங்கிலம் பேசுகிறவர்களும் அதை ஸ்ட்ரூடல் என்கிறார்கள். ஒருத்தர்கூட அந்தப் பேரைத் திட்டிச் சொல்வதில்லை.