சிப்பாய் மாசிலாமணியின் பதக்கம்

சீடருக்கு வயது அறுபத்து மூன்று. குருவுக்கு நாற்பத்தொன்று. சீடர் அம்பலவாணன் முப்பது வருடம் சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் குரு அவரை ‘சார்’ என்று அழைத்தார். பழைய நாணயம், பதக்கம் எதுவானாலும் அசலா போலியா என்று சொல்வதில் குரு மெஹருன்னிசாவுக்கு மிஞ்சிய ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை என்பதால் சீடர் அவரை ‘மேடம்’ என்று அழைத்தார். திருச்சியில், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில், இப்படிப் பரஸ்பர மரியாதையோடு இரண்டு வருடம் கழிந்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை சீடர் கோபத்தோடு படியேறி வந்தார். ஒரு செருப்பு வாசலிலும் மற்றது மூன்றாம் படியிலும் கிடந்தன.

“பார்த்தீங்களா மேடம், அந்த மதுரைக்காரன் செஞ்ச வேலையை?”

“பார்சல் வந்திருக்கு,” என்றார் குரு.

கோபத்துக்குக் காரணம் பழையது. ஆலம்பட்டு சமஸ்தானத்து ராஜா ஒருவர், அரண்மனைத் தாமரைக் குளம் வற்றக் கூடாது என்பதற்காக, ஒரு கோடையில் ஏரி மதகை மூடிப் பூட்டினார். தாழைக்கரை ஜனங்கள் மதகைத் திறக்கச் சொல்லிக் கூடினார்கள். ராஜாவின் மூன்றாம் அணி சுட்டது. பத்தொன்பது பேர் செத்தார்கள். இருபத்தொன்று என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் இரண்டு மாடுகளையும் சேர்த்து எண்ணுகிறவர்கள்.

ராஜா அதற்கு ஒரு வெள்ளிப் பதக்கம் வெளியிட்டார். ஒரு பக்கம் ராஜாவின் முகம். மறுபக்கம் மூடிய மதகு. விளிம்பில், வாங்கிய சிப்பாயின் பெயர்.

அந்த அணியில் தாழைக்கரைக்காரர் ஒருவர் இருந்தார். சிப்பாய் மாசிலாமணி. அவர் சொந்த ஊர் ஜனங்களைப் பார்த்ததும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார், கசையடி கொடுத்து அவரைப் படையிலிருந்து விரட்டினார்கள் என்பது ஊரின் கதை. அம்பலவாணனும் அந்த ஊர்தான். அங்கே முப்பது வருடம் ஆறாம் வகுப்புக்கு அந்தக் கதையைச் சொன்னவர் அவர். வரும் வெள்ளிக்கிழமை மாசிலாமணிக்குச் சிலை திறக்கிறார்கள். பீடத்து வாசகமும் அம்பலவாணன் எழுதியது.

போன மாதம் மதுரையில் ஒரு சேகரிப்பாளர் தம்மிடம் இருந்த மதகுப் பதக்கத்தை ஒரு கண்காட்சியில் வைத்தார். விளிம்பில் ‘சிப்பாய் மாசிலாமணி, மூன்றாம் அணி’ என்று இருந்தது. தாழைக்கரை கொதித்தது. சேகரிப்பாளரே பதக்கத்தைச் சோதனைக்கு அனுப்பிவைத்தார். சிலைக் கமிட்டி கூடவே ஒரு கடிதம் அனுப்பியது: அசலா, போலியா, ஒரே வார்த்தையில் பதில் தேவை.

“மனுஷன் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப வந்து குழியைத் தோண்டறான்.”

“அவர் பதக்கத்தைத்தானே சார் காட்டினார்.”

“யார் கேட்டா அவனை? சிலை திறக்கிற நேரமாப் பார்த்து யார் கேட்டா?”

குரு பார்சலை அவர் பக்கம் நகர்த்தினார். “நீங்களே பாருங்க.”

“நானா? ஊர்க்காரங்க பார்க்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?”

“ஊர்க்காரர் தீர்ப்பு சொல்லக் கூடாதுன்னேன். பார்க்கலாம். கோபமா இருக்கிறவர் ஒரு புள்ளியைக்கூட விட மாட்டார்.”

“இந்தக் கோபத்தில் கண்ணாடியைப் பிடிக்க முடியாது மேடம்.”

“பூதக்கண்ணாடிக்குத் தாங்கி இருக்கு.”

ஒப்பிட்டுப் பார்க்க குரு அலமாரியிலிருந்து இன்னொரு மதகுப் பதக்கத்தை எடுத்து வைத்தார். அது அதே அணியைச் சேர்ந்த முத்துராக்கன் என்ற சிப்பாயுடையது. அசல் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை.

சீடர் முகத்தைச் சுளித்தார். “பத்தொன்பது உயிருக்குக் கொடுத்த வெள்ளி. இதை நான் வெறுங்கையால் தொட மாட்டேன்.”

“எதையுமே வெறுங்கையால் தொடக் கூடாது சார். கையுறை அங்கே இருக்கு.”

சீடர் இரண்டு நாள் உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டைக்கூட ஜன்னலோரம் நின்றபடி முடித்தார். எடை போட்டார், அளந்தார், சாய்த்துப் பார்த்தார், விளிம்பை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். நடுநடுவே மதுரைக்காரரைத் திட்டினார். செவ்வாய் மாலை நாலு பக்கத்தை குருவின் மேஜையில் வைத்தார்.

“போலி,” என்றார். “ஏழு சான்று.”

குரு வாசித்தார். அசல் பதக்கம் எஃகு அச்சுக்கு நடுவில் வைத்து அடிக்கப்பட்டது. இது அப்படி அடித்ததல்ல, உருக்கி வார்த்தது. உருக்கிய வெள்ளி ஆறும்போது சுருங்கும்; இது முத்துராக்கனின் பதக்கத்தைவிட அரை மில்லிமீட்டர் சிறியது. ராஜாவின் மீசை மழுங்கியிருக்கிறது. மதகின் பூட்டு கரைந்தாற்போல் இருக்கிறது. எங்கும் ஊசிமுனை அளவுக் காற்றுக் குமிழிகள்.

குரு பதக்கத்தை எடுத்துத் தாமே ஒரு முறை பார்த்தார். வெகுநேரம் பார்க்கவில்லை.

“போலிதான். சந்தேகமே இல்லை. நல்ல வேலை சார்.”

சீடரின் முகம் மலர்ந்தது. செல்பேசியை எடுத்தார். “கமிட்டிச் செயலாளர் காலையிலேருந்து நாலு தடவை கூப்பிட்டுட்டார். அவதூறு வழக்கே போடலாம்கறார். போடணும் மேடம். சும்மா விடக் கூடாது.”

“கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். குமிழிகள் எங்கெங்கே இருக்கு?”

“எல்லா இடத்திலும்.”

“பெயரிலுமா?”

“பெயரில்தான் முக்கியமா இருக்கு. எழுத்தோட பள்ளத்துக்குள்ளேயே இருக்கு. அதைத்தான் முதல் சான்றா எழுதியிருக்கேன்.”

“வார்த்த பிறகு யாராவது பெயரைப் பொறிச்சிருந்தா?”

“அதெப்படி மேடம்? பொறிச்சிருந்தா குமிழி நசுங்கியிருக்கும். எழுத்து கூர்மையா இருக்கும். இதில எழுத்தும் மீசை மாதிரியே மழுங்கியிருக்கு. பெயரும் பதக்கமும் ஒரே வார்ப்பு.”

“அப்போ பெயர் எங்கேருந்து வந்தது?”

“வார்ப்பு அச்சிலேருந்து.”

“அச்சை எப்படி எடுத்தாங்க?”

“அசல் ஒண்ணை மண்ணில் அழுத்தி...”

சீடர் செல்பேசியைக் கீழே வைத்தார்.

கீழே கடையில் யாருக்கோ கண் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. ஒருவர் எழுத்துகளைப் பெரியதிலிருந்து சிறியதுவரை சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியில் நிறுத்திவிட்டார்.

“இல்லை,” என்றார் சீடர். “வேற ஒருத்தன் பதக்கத்தில் பெயரைத் தேய்ச்சுட்டு, மாசிலாமணின்னு கையால வெட்டி, அதுக்கப்புறம் அச்சு எடுத்திருக்கலாம். அந்தப் பய செய்வான்.”

“சரியான கேள்வி,” என்றார் குரு. முத்துராக்கனின் பதக்கத்தைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே நிறுத்தினார். “இதில் ‘அணி’ங்கற சொல்லைப் பாருங்க. ‘ணி’யோட மேல்கொக்கி எப்படி இருக்கு?”

“நுனி உடைஞ்சிருக்கு.”

“‘ணி’யை அடிச்சுப் பதிக்கிற முத்திரை உளியோட நுனி உடைஞ்சிருக்கு. ராஜாவோட பட்டறையில அதை மாத்தவே இல்லை. இப்ப உங்க பதக்கம். ‘அணி’யில் பாருங்க.”

“உடைஞ்சிருக்கு.”

“‘மாசிலாமணி’யில்?”

சீடர் வெகுநேரம் பார்த்தார். அங்கேயும் கொக்கியின் நுனி அதே இடத்தில் உடைந்திருந்தது. பிறகு நிமிர்ந்தார், கோபம் இப்போது இடம் மாறியிருந்தது.

“மேடம், நீங்க யார் பக்கம்?”

“விளிம்புப் பக்கம்.”

“விளையாடாதீங்க. ஒரு ஊரே அந்த மனுஷனைக் கும்பிடுது. பதக்கம் வாங்கினாலே சுட்டதா ஆயிடுமா?”

“ஆகாது. சுட்டாரா இல்லையான்னு வெள்ளிக்குத் தெரியாது.”

“அப்புறம் என்ன?”

“கசையடி கொடுத்து விரட்டினாங்கன்னு பீடத்தில் எழுதியிருக்கீங்க. விரட்டின ஆளுக்கு எந்த ராஜா சார் பதக்கம் கொடுப்பார்?”

சீடர் எழுந்து ஜன்னலருகே போனார். திரும்பி வந்தார்.

“இந்த நகலை எடுத்தது யார்? அசல் எங்கே?”

“தெரியாது. தெரியாதுன்னு அறிக்கையில் எழுதுவேன்.”

“கமிட்டி ஒரே வார்த்தைதான் கேட்டிருக்கு. போலியான்னு. போலின்னு நீங்களே சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“அதை மட்டும் எழுதி அனுப்பினா அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.”

“இல்லை.”

“அவங்க கேட்டதுக்கு மேல சொல்ல நமக்கு என்ன தலையெழுத்து?”

குரு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.

“பார்த்தது நீங்க. கண்டுபிடிச்சதும் நீங்க. கையெழுத்தும் நீங்களே போடுங்க. ஒரு வார்த்தையா நாலு பக்கமாங்கறது உங்க இஷ்டம்.”

சீடர் பேனாவை எடுத்தார். ‘பெறுநர்’ என்று எழுதினார். கமிட்டியின் முகவரியை எழுதினார். பின்கோடு வரை எழுதினார். அதற்குக் கீழே பேனா நகரவில்லை.

“அந்தப் பத்தொன்பது பேரில் எங்க பாட்டனாரோட அண்ணனும் ஒருத்தர்,” என்றார். “சின்ன வயசில் அதைக் கேட்டா எனக்குத் தூக்கம் வராது. சுட்டவங்க நடுவில் நம்ம ஆள் ஒருத்தர் துப்பாக்கியைக் கீழே வெச்சார்னு சொல்வாங்க. அதுக்கப்புறம்தான் தூங்குவேன்.”

குரு பதக்கத்தைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுத்தார்.

“ஆறாம் வகுப்புப் பிள்ளைங்களும் அப்படித்தான் மேடம். பத்தொன்பதுன்னு சொன்னதும் வகுப்பே கம்முன்னு ஆயிடும். மாசிலாமணி பேரைச் சொன்னதும் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவாங்க. வருஷா வருஷம் பார்த்திருக்கேன்.”

“ம்.”

“அத்தனை பிள்ளைங்க. சிலைக் கமிட்டியில் இருக்கிறவங்க பாதிப் பேர் என்கிட்ட படிச்சவங்க.” குரல் மறுபடி கோபத்தில் ஏறியது. “அப்படின்னா நான் முப்பது வருஷமா பொய் சொல்லியிருக்கேன். அதைத்தானே சொல்றீங்க? முப்பது வருஷம்.”

குரு இரண்டு பதக்கங்களையும் பஞ்சு உறையில் போட்டுக் கட்டினார்.

“இல்லை சார். முப்பது வருஷம் தப்பாச் சொன்னீங்க. பொய் சொல்றதுக்கு வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கு.”