சிலேட்டும் டேப்லெட்டும்

ராஜாவும் மந்திரியும் வருவாங்கன்னுதானே உக்காந்திருக்கீங்க? பள்ளிக்கூடத்துக்கு ஜீப்புல வந்தது கல்வி அதிகாரிதான்.

அவர் கேட்டப்ப, படிக்கிறதுக்குன்னு அரசாங்கம் குடுத்த டேப்லெட்டை ஒரு பிள்ளைக்கும் தொறக்கத் தெரியல. "டீச்சர் சரியில்ல சார்"னு ஹெட்மாஸ்டர் தற்காலிக டீச்சர் பூங்கோதையைக் கைகாட்டினாரு.

"நாளையிலருந்து நீ வராதம்மா"ன்னாரு அதிகாரி.

பூங்கோதை சிரிச்சுக்கிட்டே, "சரிங்க சார். நீங்க சின்னப் புள்ளையில எழுதின சிலேட்டு எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டாங்க.

அதிகாரி மொகம் இளகிருச்சு. "அதை ஏம்மா கேக்குற! மூலை ஒடைஞ்சு, சட்டம் கழண்டு... கோவை இலையை வச்சுத் தேய்ச்சா ஒரு பச்சை வாசம் வரும் பாரு!"

"எழுதிப் பழகின சிலேட்டு அப்படித்தான் சார் இருக்கும். இந்த டேப்லெட்டைப் பாருங்க, ஒரு கீறல் இல்ல."

அதிகாரி மெதுவா ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினாரு. வாசல்ல கரண்டியோட நின்ன சத்துணவு ராக்காயி பொறுக்கமாட்டாம சொல்லிட்டா: "ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க மட்டுந்தானய்யா அது ஹெட்மாஸ்டர் பீரோவை விட்டு வெளிய வரும்!"