எருமைக்குக் கேட்ட மூன்று கேள்வி

ஓர் ஊர் ஒரே வழக்கில் இரண்டு தடவை தப்பாகத் தீர்ப்புச் சொன்னது. முதல் தடவை பிரியத்தால். இரண்டாம் தடவை ஆத்திரத்தால். அதுதான் கதை. உட்காருங்கள்.

வெகு காலத்துக்கு முன்னால் மருதவேலி என்று ஒரு நாடு. அதற்கு ஒரு ராஜா. பெயர் வேண்டாம். பெயரை நினைவில் வைக்கும்படி அவர் ஒன்றும் செய்யவில்லை.

அங்கே நீதி சொல்லும் வழக்கம் இப்படி: ஊரார் சபைக்கு முன்னால் கூடுவார்கள். ராஜா கண்ணை மூடிக்கொள்வார். எந்தப் பக்கம் கூச்சல் பெரிதோ, அந்தப் பக்கம் நியாயம். பிறகு முரசுக்காரன் தெருத் தெருவாகப் போய் அறைவான். முரசு அறைந்தால்தான் தீர்ப்புச் செல்லும். அந்த முரசை அவனைத் தவிர வேறு கை தொடக் கூடாது.

அந்த நாட்டில் ஏழிசை வல்லபன் என்று ஒரு பாடகன். அவன் பாடினால் முரட்டு மாடு நிற்கும் என்பார்கள். நிற்குமோ என்னவோ. சனங்கள் நின்றார்கள். அவன் நடந்த மண்ணை எடுத்து நெற்றியில் பூசினார்கள்.

ஒருநாள் அவனுடைய மாணவி சேந்தி சபைக்கு வந்தாள். வலது கையில் துணிக் கட்டு.

“சுருதி தவறினேன் என்று தாளக் கோலால் அடித்தார். இரண்டு விரல் ஒடிந்துவிட்டது. என் விரல் போகட்டும். தங்கை வஞ்சி இன்னும் அந்த வீட்டில் இருக்கிறாள். அவளை வெளியே விட மறுக்கிறார். விடச் சொல்லுங்கள்” என்றாள்.

அவ்வளவுதான் அவள் கேட்டது.

கூட்டம் சிரித்தது. “அந்த வாயில் தேன் சொட்டுகிறது, அந்தக் கை அடிக்குமா?” என்றான் ஒருவன். “அடித்தால்தான் என்ன? குருவின் கை பட ஊரில் எத்தனை பேர் தவம் கிடக்கிறோம்” என்றான் இன்னொருவன். “இவளுக்குப் பாட்டு வரவில்லை, பழி போட வருகிறது” என்றாள் ஒருத்தி. கூச்சல் பெரிதாயிற்று.

ராஜா கண்ணைத் திறந்தார். “சேந்தி பொய்க்காரி. ஊரை விட்டுப் போகட்டும். முரசு அறை.”

முரசுக்காரன் கோலை எடுத்தான். அறையவில்லை.

“மகாராஜா, எந்த நாள் பொய் சொன்னாள்? எது பொய்? யார் கண்டது?”

“என்னிடமே கேள்வியா?”

“எருமை காணாமல் போனாலும் கேட்பேன், மகாராஜா. எந்த நாள், எந்த இடம், யார் கண்டது. கேட்காமல் அறைந்தால் ஊரே கிளம்பிப் போய் அடுத்தவன் எருமையைக் கட்டி இழுத்து வரும்.”

ராஜா எழுந்து உள்ளே போனார். முரசு அறையாததால் தீர்ப்பும் செல்லவில்லை. சபை கலைந்தது. வஞ்சி உள்ளேயே இருந்தாள்.

மறுநாள் கோயிலில் திருவிழா. வல்லபன் பாடினான். பாதிப் பாட்டில் தொண்டை உடைந்தது. மழைக்காலம், யாருக்கும் உடையும். ஊர் என்ன சொன்னது? சாமியே தண்டித்துவிட்டது என்றது.

பிறகு கேட்க வேண்டுமா? நேற்று மண்ணை எடுத்துப் பூசியவர்கள் இன்று அதே மண்ணை வாரித் தூற்றினார்கள். ஒருவன், அவன் மூன்று மனைவிகளைக் கொன்றான் என்றான். ஒருவன், கொன்று தோட்டத்தில் புதைத்தான் என்றான். ஒருவன், புதைத்த இடத்தில் வாழை நட்டிருக்கிறான் என்றான். வல்லபனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதையும் யாரும் கேட்கவில்லை.

சபைக்கு முன்னால் “வீட்டைக் கொளுத்து” என்று கூச்சல். ராஜா கண்ணை மூடினார், திறந்தார். “கொளுத்தலாம். முரசு அறை.”

சேந்தி கத்தினாள். “தங்கை உள்ளே இருக்கிறாள்.” அந்த இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. முரசுக்காரன் காதில் விழுந்தது. இரைச்சலுக்குள் நின்று பழகிய காது.

முரசைத் தரையில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

“மூன்று மனைவிகளை யார் கண்டது?”

“எல்லாரும் சொல்கிறார்கள்.”

“எல்லாரும் என்று இந்த ஊரில் ஓர் ஆள் இல்லை. பெயர் சொல்.”

கொள்ளிக்கட்டைகள் தாழ்ந்தன. அவன் சேந்தி பக்கம் திரும்பினான்.

“தாயி, நீ சொல். எந்த நாள்?”

இத்தனை நாளில் அவளை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

“போன பௌர்ணமிக்கு மறுநாள், காலை. பாட்டுக் கூடத்தில். பூக்காரி வாசலில் நின்று பார்த்தாள். எலும்பு வைத்தியர் கட்டுப் போட்டார்.”

வல்லபனையும் அழைத்து அதே மூன்று கேள்வி கேட்டான்.

“அன்று நான் ஊரிலேயே இல்லை. கடற்கரைப் பட்டினத்தில் பாடப் போயிருந்தேன்” என்றான் வல்லபன்.

“ஐயா, அன்று காலை உங்கள் வீட்டு வாசலில் நின்று நீங்கள்தானே என்னிடம் சொன்னீர்கள்? தொண்டை கட்டிவிட்டது, இன்று எங்கும் பாடமாட்டேன், வீட்டில்தான் இருப்பேன் என்று அறையச் சொன்னீர்கள். ஏழு தெரு அறைந்தேன்.” ராஜாவைப் பார்த்தான். “என் பேச்சை மட்டும் வைத்துத் தீர்க்காதீர்கள். மற்ற இரண்டு பேரையும் கூப்பிடுங்கள்.”

பூக்காரி வந்தாள். கண்டதைச் சொன்னாள். வைத்தியர் வந்தார். “கோல் பட்ட முறிவுதான். முதல் நாளே சொல்லியிருப்பேன். யார் கேட்டீர்கள்?” என்றார். வல்லபன் தலை கவிழ்ந்தது.

ராஜா தீர்ப்புச் சொன்னார், முரசு முழங்கியது. வல்லபன் அடித்தது உண்மை. அவனுக்கு ஓராண்டு சிறை. இனி யாருக்கும் அவன் பாடம் சொல்லக் கூடாது. மூன்று மனைவி கதை பொய். இரண்டையும் முரசுக்காரன் ஒரே சத்தத்தில் அறைந்தான். இரண்டாவதைக் கேட்டுப் பலருக்கு வருத்தம்.

“அவன் பாட்டு நல்ல பாட்டாயிற்றே” என்று ஒருவன் முனகினான். நல்ல பாட்டுத்தான். வழக்கு பாட்டைப் பற்றி இல்லை.

வஞ்சி வெளியே வந்து அக்காளின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கை பிடிக்கிற நிலையில் இல்லை.

நீதி இதுதான்: பேர் பெற்றவன் மேல் புகார் வந்தால், கை தட்டும் முன்னும் கல் எடுக்கும் முன்னும் இரு பக்கமும் கேட்க வேண்டும்.

ராஜாவின் பெயர் எனக்கு இன்னும் நினைவில் இல்லை. முரசுக்காரன் பெயர் சடையன்.